பேதை எனப்படுவோர் பெறும் பேறு

ஒருவனை அறிவிலி என்று இகழ்வதற்குத் தமிழில் சொற்பஞ்சம் என்றுமே ஏற்பட்டதில்லை. பேதை, மூடன், மடையன், மட்டி, அசடு, மக்கு, மண்டு, ஏமாளி எனப் பட்டியல் நீளும். வள்ளுவர் காலத்தில் சினத்தைக் குறித்த 'வெகுளி' என்னும் சொல்கூடப் பிற்காலத்தில் இடம்பெயர்ந்து, சூதுவாது அறியாத அப்பாவியின் தலையில் வந்து அமர்ந்துகொண்டது. இத்தனை சொற்களை ஆயத்தமாக நாவில் வைத்திருக்கும் சமுதாயம் எதற்கு அஞ்சுகிறது என்பதைக் காணப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. கையில் பணம் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் தமிழர் உண்டு. உடல்நலம் இல்லை என்று ஊரறியச் சொல்லும் தமிழர் உண்டு. "இது எனக்கு விளங்கவில்லை" என்று நாலு பேர் நடுவில் எழுந்து சொல்லும் தமிழரைத்தான் விளக்கேற்றித் தேட வேண்டியிருக்கிறது.

இந்த அச்சம் திருமண மண்டபத்திலும் சங்கக் கூட்டத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கெல்லாம் அதனால் விளையும் கேடு சிறிது. ஆனால் அறியாமையைப் போக்குவதற்கென்றே கட்டப்பட்ட கூடத்தில், அறியாமையைக் காட்டிக்கொள்வது இழுக்கு என்னும் எண்ணம் குடிபுகுந்தால் அந்தக் கூடத்திற்கு என்ன பெயர் சூட்டுவது? மருத்துவரை நாடி வந்த நோயாளி, நோயை மறைத்துக்கொண்டு நலமாக இருப்பதாக நடிப்பதைப் போன்றது அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எத்தனையோ தமிழ் வகுப்பறைகளில் இந்த நடிப்பு நாள்தோறும் அரங்கேறி வருகிறது. கைதட்டுவோரும் குறைவில்லை.

வினா அறுவகைப்படும் என்று இலக்கணப் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இலர். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்று மாணவர் ஒப்பிப்பர். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிந்துள்ளாரா என்று காண எழுப்புவது அறிவினா. அதற்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் மாணவரிடம் கேட்கும் கேள்வியையே பாடநூல்கள் காட்டும். தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. அதற்கு எடுத்துக்காட்டு மாணவர் ஆசிரியரிடம் கேட்கும் கேள்வி. பாடநூல் சொல்வது மிகச் சரி. ஆனால் அதே பாடம் நடக்கும் வகுப்பில் ஒரு மணி நேரம் பின்வரிசையில் அமர்ந்து, எழுகின்ற வினாக்களை ஒருவர் எண்ணிப் பார்க்கட்டும். ஒன்று விடாமல் அறிவினாவாகவே இருக்கக் காண்பார். கேட்பவர் ஆசிரியர், விடையும் அவர் கையில் உண்டு. அறியாவினாவோ, அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்த பறவையைப் போல, எடுத்துக்காட்டாக மட்டும் ஏட்டில் நிற்கிறது. அறியாவினா என்றால் என்ன என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவன், தன் பள்ளி வாழ்வில் ஓர் அறியாவினாவைக்கூட வாய்விட்டுக் கேளாமல் வெளியேறுகிறான். கொடுமை இதனினும் வேறுண்டோ?

வகுப்பின் இறுதியில் "விளங்கியதா?" என்று ஆசிரியர் கேட்பதும், "விளங்கியது ஐயா" என்று நாற்பது குரல்கள் ஒன்றாக முழங்குவதும் வழக்கமாகிவிட்டது. அந்த முழக்கத்திற்குள் விளங்காத குரல்கள் எத்தனை ஒளிந்திருக்கின்றன என்பதை யாரும் எண்ணுவதில்லை. டேல் மில்லர், கேத்தி மெக்பார்லண்ட் என்னும் உளவியலார் இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கும். வேண்டுமென்றே குழப்பமாக எழுதப்பட்ட பகுதி ஒன்றை மாணவர்க்குப் படிக்கக் கொடுத்து, விளங்காவிடில் வந்து கேட்கலாம் என்றும் சொல்லி வைத்தனர். மாணவர் எழவில்லை. தாம் எழாமைக்கு வெட்கமே காரணம் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் எழாமைக்குக் காரணம், அவருக்குப் பாடம் விளங்கிவிட்டதே என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டனர். ஒருவர் மௌனத்தை மற்றவர் அறிவென்று மதித்து, அறையில் இருந்த எல்லாரும் தனித்தனியே தம்மைப் பேதையர் என்று கருதியபடி அமர்ந்திருந்த காட்சி அது.

இத்தகைய அறையில் ஒருவன் எழுந்து, "ஐயா, எனக்கு விளங்கவில்லை" என்கிறான் என்று கொள்வோர், அவன் அடைவதையும் இழப்பதையும் கணக்கிடட்டும். இழப்பது சில நொடி நேரத்து மதிப்பு. அடைவதோ விடை. அவன் பொருட்டு நாற்பது பேருக்கும் அந்த விடை கிடைக்கிறது என்பது மேல்மிச்சம். அவனைப் பார்த்துச் சிரித்தவர்களும் அந்த விடையைத்தான் கள்ளத்தனமாகக் குறித்துக்கொள்கின்றனர். பேதை என்னும் பட்டத்தைத் தானொருவன் சுமந்து, வகுப்பு முழுவதற்கும் கல்வியை வாங்கித் தரும் அந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளியும் பரிசளிப்பு விழாவில் கோப்பை வழங்கியதாகத் தெரியவில்லை.

இங்கே மறுப்பாளர் திருக்குறளோடு வருவர். கற்றவர் முன் வாய்திறவாதிருந்தால் கல்லாதவரும் மிக நல்லவரே என்று கல்லாமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லவில்லையா என்பர். சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கே அவர் அடக்குவது, கற்றவர் அவையில் தீர்ப்புரைக்கப் புகும் கல்லாதவனை. கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தவனை வள்ளுவர் எங்கே நிறுத்துகிறார் என்று பார்க்க அதற்கு முந்திய அதிகாரத்தைப் புரட்டினால் போதும். செல்வர் முன் வறியவர் ஏங்கி நிற்பதுபோல் ஆசிரியர் முன் தாழ்ந்து நின்றேனும் கற்றவரே உயர்ந்தவர் என்றும், அவ்வாறு நிற்க நாணிக் கல்லாதவர் கடைப்பட்டவர் என்றும் கல்வி அதிகாரம் தெளிவாகப் பேசுகிறது. இல்லாமையைக் காட்டிக்கொண்டு நிற்பதற்கு வள்ளுவர் கொடுத்த இடம் அது. பேதைமை என்னும் அதிகாரத்திலோ அவர் பேதைமைக்கே இலக்கணம் வகுக்கிறார். கேட்டினைக் கைக்கொண்டு ஆக்கத்தைக் கைநழுவ விடுவதே பேதைமை என்கிறார். அந்த அளவுகோலை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால், விளங்காமையைக் கைக்கொண்டு விடையைக் கைநழுவ விட்டு, வாய்மூடி அமர்ந்திருக்கும் முப்பத்தொன்பது பேருமே பேதையர். எழுந்து கேட்டவன் ஒருவன்தான் அப்பட்டியலில் இல்லாதவன். அடுத்த அதிகாரத்திற்குப் புல்லறிவாண்மை என்று பெயர். சிற்றறிவை வைத்துக்கொண்டு பேரறிவாளனாகத் தன்னை எண்ணுவதை அது சாடுகிறது. பேதைமையை ஒட்டியே அதை வைத்த ஒழுங்கு எண்ணத்தக்கது.

நன்னூலாரும் இவ்வழக்கில் மாணவன் பக்கமே சாட்சி சொல்கிறார். நூல் பயிலும் முறையைப் பொதுப்பாயிரத்தில் அடுக்கும்போது வினாவுதலையும் வினாவியவற்றுக்கு விடையிறுத்தலையும் கடமையாகக் கொள்ளுமாறு பணிக்கிறார். அவ்வாறு கொண்டால் மடமை நெடுந்தொலைவு நீங்கும் என்பது அவர் தரும் உறுதி. கேட்பது மடமையின் அடையாளம் என்று வகுப்பறை கருதுகிறது; கேட்பது மடமைக்கு மருந்து என்று பவணந்தி முனிவர் கருதினார். பாயிரத்தை மனனம் செய்தவர்களே அதற்கு மாறாக நடப்பதுதான் வேடிக்கை.

ஔவையார்க்கும் மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் நடந்ததாக வழங்கும் செவிவழிக் கதையைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நாவல் மரத்தின் மேலிருந்த சிறுவன், சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்கிறான். பழத்தில் சுட்டது ஏது, சுடாதது ஏது? கேட்ட மாத்திரத்தில் அது அறிவற்றவன் கேள்வி. மணலில் விழுந்த பழத்தை எடுத்து ஊதியபோது, பழம் மிகவும் சுடுகிறதா பாட்டி என்று அவன் கேட்டதும்தான் மூதாட்டிக்கு உண்மை உறைக்கிறது. சிறுவன் முருகனாகையால் வென்றான் என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவது ஆசிரியர்களின் வழக்கம். ஆனால் கதையின் அழகு சிறுவனிடத்தில் மட்டுமா இருக்கிறது? நாடறிந்த புலவர், ஓர் ஆட்டிடையன்போல் தோன்றிய பிள்ளையிடம் ஏமாந்து நின்றபோது சினங்கொள்ளவில்லை; தம் புலமையைப் பறைசாற்றி அவன் வாயை அடைக்கவும் இல்லை. தோற்றதை ஒப்புக்கொண்டார். தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவர்மேல் வைத்த அன்பு இந்தக் கதையால் ஒரு துளியும் குறையவில்லை, கூடியது. இன்றைய வகுப்பில் சுட்ட பழக் கேள்வியை ஒரு மாணவன் கேட்டிருந்தால், "குறும்பு செய்யாதே, உட்கார்" என்பதே அவனுக்குக் கிடைத்திருக்கும் விடை.

அப்படி உட்கார வைக்கப்படும் கேள்விகளுள் ஒன்றை எடுத்துக்காட்டாகப் பார்க்கலாம். எண்ணுப்பெயர் படிக்கும் ஒரு பிள்ளை, ஒன்பது பத்துகளுக்குத் தொண்ணூறு என்று ஏன் பெயர், அதற்குள் நூறு எப்படி வந்தது என்று கேட்கிறது. ஒன்பது நூறுகளுக்குத் தொள்ளாயிரம் என்கிறார்களே, ஆயிரம்தான் இன்னும் வரவில்லையே என்றும் தொடர்கிறது. மலாய்மொழி வகுப்பில் அதே பிள்ளை 'செம்பிலான் பூலோ', 'செம்பிலான் ராத்துஸ்' என்று ஒன்பதோடு பத்தையும் ஒன்பதோடு நூறையும் நேராகச் சேர்த்துப் படித்துவிட்டு வருகிறது. அதனால்தான் அதற்கு இந்த ஐயம் எழுகிறது. எண்பதுவரை ஒழுங்காக வந்த வரிசை தொண்ணூறில் ஏன் தடம் மாறுகிறது என்பது அதன் கேள்வி. "அப்படித்தான் வரும், மனப்பாடம் செய்" என்று அதட்டினால் வகுப்பு அமைதியாகிவிடும். ஆனால் அந்தக் கேள்வி தொல்காப்பியரை உறுத்திய கேள்வி. ஒன்பதும் பத்தும் புணர்ந்து தொண்ணூறாகும் விந்தைக்கு அவர் தனியே விதி எழுத நேர்ந்தது, நன்னூலாருக்கும் நேர்ந்தது. விதிகள் எந்த எழுத்துக் கெட்டு எந்த எழுத்துத் தோன்றும் என்று சொல்கின்றனவே அன்றி, நூறு அங்கே ஏன் வந்தது என்று சொல்லவில்லை. ஒன்பதைக் குறிக்கத் 'தொண்டு' என்னும் பழஞ்சொல் ஒன்று தொல்காப்பியத்திலேயே ஆளப்பட்டிருப்பது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு ஒரு கதவைத் திறக்கிறது. அக்கதவின் பின்னால் மொழியறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஒன்பது வயதுப் பிள்ளையின் அசட்டுக் கேள்வி, திராவிட மொழியியலின் தீராத கேள்விகளுள் ஒன்றாக முடிகிறது. அக்கேள்வியை எழுப்ப இலக்கணம் படித்தவர்க்குத் தோன்றாது. தொண்ணூறு அவர்க்குப் பழகிப்போயிற்று. பழகாத கண்ணுக்கே கோணல் தெரியும்.

அறிவியல் உலகிலும் இதற்குச் சான்று உண்டு. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 நொடிகளில் வெடித்துச் சிதறி எழுவர் மாண்டனர். காரணம் ஆராய அமைந்த குழுவில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு ஃபைன்மன் ஓர் உறுப்பினர். பொறியாளரும் அதிகாரிகளும் பக்கம் பக்கமாக விளக்கம் அளித்துக்கொண்டிருந்த அவையில், அவர் ஒரு குவளை பனிநீரை வரவழைத்து, ஓடத்தின் இணைப்பில் பயன்பட்ட ரப்பர் வளையத்தின் துண்டொன்றை இடுக்கியில் இறுக்கி அதனுள் அமிழ்த்தினார். சற்றுப் பொறுத்து எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, குளிரில் அந்தத் துண்டு உடனே பழைய வடிவத்திற்கு மீளவில்லை. ஆரம்பப்பள்ளி அறிவியல் மூலையில் செய்துகாட்டும் விளையாட்டு அது. பெரிய அவையில் அதைச் செய்ய, சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுவதற்கு அஞ்சாத நெஞ்சம் வேண்டியிருந்தது. பால்மரம் சீவிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு ரப்பரின் இயல்பைப் பற்றிக் கேட்க எத்தனையோ கேள்விகள் இருக்கக்கூடும். அவர்களைக் கேட்க விடுவார்தான் இல்லை.

இந்தத் துணிவு தமிழர்க்கு இயல்பிலேயே இல்லாதது என்று கூறிவிடவும் முடியாது. இந்நாட்டின் பழைய சந்தைகளை நினைவுகூர்ந்தால் போதும். பள்ளி வாசலை மிதியாத பாட்டிமார் மலாய்க்காரரிடம் மீனும் சீனரிடம் காய்கறியும் வாங்கிப் பிழைத்தது எவ்வாறு? பாசார் மலாய் என்று இன்று இலக்கணம் கற்றோர் இளக்காரமாகக் குறிக்கும் அந்தச் சந்தை மொழியால்தான். அதில் வேற்றுமையும் இல்லை, முன்னொட்டும் இல்லை. 'பெராப்பா' என்று விலை கேட்டுக் கையை விரித்துக் காட்டினால் வணிகம் முடிந்தது. சீனர் பேசிய மலாயும் பிழை, தமிழர் பேசிய மலாயும் பிழை. இருவரும் ஒருவரைக் கண்டு ஒருவர் சிரித்துக்கொண்டே பேசினர்; பேசப் பேசப் பிழை தேய்ந்தது. அந்தப் பாட்டியர் மலாய்ச் சொற்களைப் பிழையின்றி உச்சரிக்கும் நாள்வரை வாய்திறப்பதில்லை என்று நோன்பு பூண்டிருந்தால் குடும்பம் பட்டினி கிடந்திருக்கும்.

சந்தையில் பாட்டிக்குக் கிடைத்த அந்த உரிமை, தமிழ் வகுப்பில் பேரனுக்குக் கிடைக்கவில்லை என்பதே இங்கு வழக்கு. 'பழம்' என்று படிக்கப் புகுந்து 'பலம்' என்று தடுக்கிய பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியரும் சில வேளை சேர்ந்துகொள்கிறார். அன்று அந்தப் பிள்ளை ழகரத்தைக் கற்பதில்லை. தமிழில் வாய்திறந்தால் சிரிப்பார்கள் என்பதைக் கற்கிறது. ஆங்கிலத்தில் பிழையாகப் பேசினாலோ, "பிள்ளை ஆங்கிலம் பேசுகிறான்" என்று பெற்றோர் பூரிக்கின்றனர். பிழைக்குப் புகழ் கிடைக்கும் மொழியின் பக்கம் பிள்ளையின் நாக்கு சாய்வதில் வியப்பென்ன? சிங்கப்பூரில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் இந்தியர் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருந்தனர். 2020இல் முப்பதுக்கும் கீழே வந்துவிட்டனர். இச்சரிவுக்குக் காரணங்கள் பலவாகும். ஆங்கிலத்தின் வேலைவாய்ப்பு வலிமையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் சிரிப்பொலியின் பங்கை அக்காரணங்களுக்குப் பின்னே மறைத்துவிடக் கூடாது. அந்நாட்டில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்ததும் பிள்ளையின் வாயைத் திறக்கும் நோக்கத்தால்தான். அப்பரிந்துரையை எதிர்த்தவர் பலர். எழுத்துத் தமிழ் தேயும், கொச்சை கோலோச்சும் என்று அவர்கள் அஞ்சினர்.

அவர்களின் அச்சம் மொழிப்பற்றிலிருந்து எழுந்தது. அதனால் அதைத் தட்டிக்கழிக்காமல் விடையிறுக்க வேண்டும். பிழையைப் பொறுத்தால் மொழி கெடும் என்கின்றனர். பிழையைத் திருத்த வேண்டாம் என்று இங்கு யாரும் சொல்லவில்லை. வெளியே வந்த பிழையைத்தான் திருத்த முடியும். பல்லுக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் பிழையை எந்த ஆசிரியர் திருத்துவார்? திருத்துவது வேறு, நகைப்பது வேறு. இவ்வேறுபாட்டைக் கல்வியிற் பெரியவர் என்று புகழப்படும் கம்பரே காட்டியிருக்கிறார். இராமகாதையின் பாயிரத்தில் அவையடக்கம் கூறும்போது, அறியாப் பிள்ளைகள் தரையில் கீறி வீடும் ஆடரங்கும் வரைந்தால் தச்சுக்கலை வல்லோர் அதற்காகச் சினப்பார்களா என்று கேட்கிறார். தமக்காகக் கேட்டதுபோல் தோன்றினும், தமிழ்ப் பிள்ளைகள் அனைவருக்குமான முறையீடாகவே அது ஒலிக்கிறது. கோடு கோணலாக இருக்கிறது என்று கையைத் தட்டிவிட்ட பிள்ளைகளிலிருந்து தச்சர் தோன்றியதில்லை.

அவையடக்கம் என்றதும் இக்காலத்து மேடைகளை எண்ணாமல் இருக்க இயலவில்லை. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைச் சொல்லிக்கொண்டார் கம்பர். சொல்லிவிட்டுப் பத்தாயிரத்தையொட்டிய பாடல்களைத் தந்தார். இன்றைய பேச்சாளர் "அடியேன் ஒன்றும் அறியேன்" என்று தொடங்கி, ஒன்றும் அறியாமலேயே ஒரு மணி நேரம் முழங்கிவிட்டு அமர்கிறார். இவர் பேதையாகத் தோன்ற விரும்பியவரல்லர். பணிவுடையவராகத் தோன்ற விரும்பியவர். கேட்போர் "இல்லை, தாங்கள் பேரறிஞர்" என்று மறுக்க வேண்டும் என்பதற்காகவே சொல்லப்படும் சொல் அது. கணக்குப் பார்க்கும் பொறுப்பு தலையில் விழாதிருக்க, "எனக்குக் கணக்கே வராது" என்று சங்கக் கூட்டத்தில் கைவிரிப்பவரும் இவர் இனத்தவர்தாம்.

அறியாமை வேடத்திற்கு இவ்வாறு சோம்பலும் தற்பெருமையும் மட்டுமா காரணம்? வலியோர் முன் எளியோர் அணிந்த வேடமும் ஒன்று உண்டு. 1970களின் இறுதியில் கெடா மாநிலத்து மூடா நெல்வயல் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அறிஞர், 1985இல் வெளியிட்ட நூலில் எளியவரின் படைக்கலங்களை எண்ணிக் காட்டினார். வேலையை இழுத்தடித்தல், வாயளவில் இணங்குதல் முதலியவற்றோடு அறியாதவர்போல் நடித்தலும் அதில் இடம் பெற்றது. நேருக்கு நேர் மோத வலிமையற்றவர்க்கு அது கேடயம். தோட்டப்புறத்தில் துரை முன்னும் கிராணி முன்னும் "தெரியாதுங்க" என்று தலைசொறிந்து நின்ற தமிழ்த் தொழிலாளியும் அக்கேடயத்தை அறிந்தவர்தாம். ஆனால் கேடயத்திற்கு ஒரு விலை உண்டு. தாழ்ந்து நிற்பதையே அவன் இயல்பென்று ஆள்வோர் எழுதி வைத்தனர். குடியேற்ற ஆட்சியாளர் தம் ஆதாயத்திற்காக நாட்டு மக்களைச் சோம்பேறிகள் என்று சித்திரித்ததைச் சைட் ஹுசேன் அலத்தாஸ் 1977இல் ஒரு நூல் முழுவதும் தோலுரித்துக் காட்டினார். கிள்ளான் தோட்டத் தொழிலாளர் 1941இல் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து, துரைமார் எதிரில் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டிய வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின, முன்னின்ற ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். தலைசொறிந்து நின்ற கூட்டம் எதையும் அறியாத கூட்டம் அன்று என்பது அன்று வெளிப்பட்டது.

பெண்ணுக்கு அணியென்று பழையவர் வகுத்த நாற்குணத்துள் மடம் என்று ஒன்றை வைத்து, அறிந்தும் அறியாதவள்போல் இருத்தல் என்று அதற்குப் பொருள் சொல்லி வந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. தானே விரும்பி ஒரு கேள்விக்காகப் பேதையாகத் தோன்றுவது ஆக்கம். பிறர் கட்டளையால் வாழ்நாள் முழுதும் பேதையாகத் தோன்றுவது அடிமைத்தனம். வகுப்பறையில் மாணவியர் வாய்திறவாமல் இருப்பதை அடக்கம் என்று பாராட்டும் ஆசிரியர், இவ்விரண்டில் எதை வளர்க்கிறார் என்று தம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

இதுவரை சொன்னவை யாவும் மாணவனை நோக்கியே இருப்பினும் முதலடி ஆசிரியர்தாம் எடுத்து வைக்க வேண்டும். ஆசிரியர் "தெரியாது" என்றால் மதிப்புப் போய்விடும் என்னும் நம்பிக்கை ஆசிரியர் அறைகளில் இன்னும் மாளவில்லை. தெரியாத கேள்விக்குத் தோன்றிய சொல்லாராய்ச்சியை அவிழ்த்துவிட்டுத் தப்பித்த ஆசிரியர், மாணவன் வீடு சேருமுன் கைப்பேசியில் அதைச் சரிபார்த்துவிடுகிறான் என்பதை உணர்வதில்லை. போகும் மதிப்பு அங்கேதான் போகிறது. அன்றியும், தெரியும் என்று எண்ணுவதில் எத்தனை பங்கு உண்மையில் தெரியும்? யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கீல் என்னும் இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு முதலிய அன்றாடப் பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது தமக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களை மதிப்பிடச் செய்தனர். நன்றாகத் தெரியும் என்றனர். பின்னர், அதைப் படிப்படியாக எழுதிக் காட்டுமாறு பணித்தபோது பேனா நின்றது. மதிப்பீட்டைத் தாமே குறைத்துக்கொண்டனர். இதே சோதனையைத் தமிழாசிரியர் ஒருவர் தனியறையில் தமக்குத் தாமே நடத்திப் பார்க்கலாம். வல்லினம் மிகும் இடங்களை ஒப்பித்துவிட்டு, பலாப்பழத்தில் பகரம் மிக, மாம்பழத்தில் மட்டும் மகரம் வந்தது ஏன் என்று எழுதிப் பார்க்கட்டும். மரப்பெயர்முன் இனமெல்லெழுத்து வருவனவும் உள என்றுதான் நன்னூலும் சொல்கிறது. 'உம்' போட்டு நகர்ந்துகொண்ட நன்னூலாருக்கு இல்லாத மானக்கேடு, "தேடிப் பார்த்து நாளை சொல்கிறேன்" என்னும் ஆசிரியருக்கு எங்கிருந்து வரும்?

சாக்ரட்டீஸ் தமக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே ஏதென்சு நகரத்துப் படைத்தலைவரிடம் வீரம் யாதென்றும் சமயப்பற்று மிக்கவரிடம் பக்தி யாதென்றும் கேட்டுத் திரிந்தவர். அறிவினாவுக்கு அறியாவினாவின் ஆடையை உடுத்திய ஆசிரியர் அவர். ஏதென்சு மன்றம் கி.மு. 399இல் அவர்க்கு நஞ்சு கொடுத்தது. மலேசியத் தமிழாசிரியர்க்கு அத்தகைய இடர் ஒன்றும் இல்லை. மிஞ்சிப்போனால் பின்வரிசையில் ஒரு புன்சிரிப்பு எழும்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. ஆண்டுதோறும் பள்ளிகளிலும் இயக்கங்களிலும் நடைபெறும் பேச்சுப் போட்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்த உரையை, எங்கே கையுயர்த்த வேண்டும் என்பது உட்பட மனனம் செய்து, பிள்ளை ஐந்து நிமிடம் ஒப்பிக்கிறது. நடுவர் மதிப்பெண் இடுகிறார். அந்த உரையில் உள்ள ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று கேட்டால் மேடை அதிர்ந்துபோகும். ஆகையால் யாரும் கேட்பதில்லை. இனி அந்த ஐந்தை நான்காக்கி, எஞ்சிய ஒரு நிமிடத்தில் நடுவர் ஆயத்தமில்லாத ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் கேட்கட்டும். பிள்ளையும் நடுவரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கட்டும். பிள்ளையின் விடையில் தடுமாற்றம் இருப்பின் மதிப்பெண் குறைக்கலாகாது என்றும், நடுவர்க்கு விடை தெரியாவிடில் மேடையிலேயே "தெரியாது" என்று சொல்ல வேண்டும் என்றும் விதிமுறையில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். ஏற்பாட்டுக் குழுவினர் முதல் விதியை உடனே ஒப்புக்கொள்வர். இரண்டாவது விதிக்குத்தான் நடுவர்களைத் தேடி அலைய நேரிடும்.